அரசரின் அழைப்பும் ரபியின் நெறியும்

2023 மே 6, சனிக்கிழமை. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் மூன்றாம் சார்லஸின் முடிசூட்டு வழிபாடு முடிந்துவிட்டது. தலையில் மணிமுடி, ஒரு கையில் சிலுவை பொருத்திய தங்கக் கோளம், மறு கையில் செங்கோல். அரசர் வாசலை நோக்கி நடந்து வருகிறார். வழியில் ஐந்து பேர் வரிசையாக நிற்கிறார்கள்: ஒரு யூதர், ஓர் இந்து, ஒரு சீக்கியர், ஒரு முஸ்லிம், ஒரு பௌத்தர். அரசர் அவர்கள் எதிரே நிற்க, ஐவரும் ஒரே குரலில் வாழ்த்துரை சொல்கிறார்கள். உலகமே பார்த்துக்கொண்டிருந்த அந்த விழாவில், இந்த வாழ்த்துக்கு மட்டும் ஒலிவாங்கி வைக்கவில்லை.

மறதியால் விட்டுப்போனதல்ல அது. ஐவரில் ஒருவர் பிரிட்டனின் தலைமை ரபி எஃப்ராயிம் மிர்விஸ். அன்று சனிக்கிழமை, யூதர்களின் சபாத், ஓய்வுநாள். ஆசார யூதர் சபாத் அன்று மின்கருவிகளை இயக்கமாட்டார், ஒலிபெருக்கியில் பேசமாட்டார். ஒருவருடைய நெறிக்காக மற்ற நால்வரும் ஒலிவாங்கி இல்லாமலே பேசினார்கள். அவருக்கு மட்டும் விலக்குக் கொடுத்து ஓரமாக நிறுத்தியிருக்கலாம். நால்வர் ஒலிவாங்கியில் பேச, அவர் உதட்டை மட்டும் அசைத்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் ஐவர் குரலையும் ஒரே அளவில் வைத்தார்களே, அந்த நாளின் பொன்னையும் வைரத்தையும் விட எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான். ஒரு யூத மதகுரு கிறிஸ்தவ வழிபாட்டுக்கு விருந்தாளியாகப் போவதில் எத்தனை முடிச்சுகள் உண்டு, அவை ஒவ்வொன்றையும் எவ்வளவு பதமாக அவிழ்த்தார்கள் என்று பார்த்தால் அந்த அருமை விளங்கும்.

முதல் முடிச்சு நாள். சபாத் வெள்ளிக்கிழமை சூரியன் சாய்வதற்கு முன்பே தொடங்கிவிடும்; சனிக்கிழமை இரவு விண்மீன் தோன்றும்வரை நீளும். அந்த நேரத்தில் நெருப்பு மூட்டக் கூடாது, சமைக்கக் கூடாது, வண்டியில் ஏறக் கூடாது. எல்லை வகுக்கப்படாத பொதுத் தெருவில் பொருள் சுமந்து செல்வதும் கூடாது. அழைப்பிதழைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடப்பதே கேள்விக்குரியது. தலைமை ரபியின் வீடோ வடக்கு லண்டனில். அங்கிருந்து அபேக்கு நடப்பது எளிதல்ல. விழா காலை 11 மணிக்கு. விருந்தினர்கள் அதற்கு வெகு முன்பே வந்து அமர வேண்டும்.

இதற்கு அரசர் கண்ட வழி நேரானது. தலைமை ரபியையும் அவர் மனைவி வலேரியையும் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனை வளாகத்தில் வெள்ளி இரவு தங்கும்படி அழைத்தார். அங்கிருந்து அபே, பூங்காவைக் கடந்தால் நடந்துபோகும் தூரம்தான். கோஷர் உணவுக்கும் ஏற்பாடு ஆயிற்று. கோஷர் என்பது வெறும் பன்றி விலக்கு அல்ல. இறைச்சி அறுக்கும் முறை, பாலும் இறைச்சியும் கலவாமை, பாத்திரத்தின் தூய்மை என்று அடுப்படி முழுவதையும் ஆளும் சட்டம் அது. அதைக் கடைப்பிடிப்பவருக்கு அரண்மனைச் சமையலறையின் தங்கத் தட்டும் பயன்படாது.

நம் கல்யாண வீடுகளில் சில பெரியவர்கள் இதைச் செய்வார்கள். சைவம் மட்டும் உண்ணும் சம்பந்திக்குத் தனி அடுப்பு, தனிக் கரண்டி என்று முதல் நாளே சொல்லிவைப்பார்கள். பந்தியில் அவர் உட்காரும்போது யாரும் அதை அறிவிப்பதில்லை. அவருக்கும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வராது. முடிசூடப் போகிற அரசர், தன் வாழ்வின் மிகப் பெரிய நாளுக்கு முந்தைய இரவில், ஒரு விருந்தாளியின் அடுப்படிச் சட்டத்தை நினைவில் வைத்திருந்தார் என்பது அந்த வகை உபசாரம்.

இரண்டாம் முடிச்சு இன்னும் இறுகியது: தேவாலயக் கட்டடமே. யூதச் சமயச் சட்டமான ஹலாகாவைக் கண்டிப்பாகப் பின்பற்றுகிற பலர் கிறிஸ்தவ தேவாலயத்துக்குள் காலே வைப்பதில்லை. பள்ளிவாசலுக்குள் போகலாம் என்று அனுமதிப்பவர்கள் கூட இங்கே தடுப்பார்கள். உருவமற்ற ஒரே கடவுள் என்ற கொள்கையில் இஸ்லாத்தோடு அவர்களுக்கு வழக்கு இல்லை; திரித்துவமும் உருவங்களும்தான் இடறுகின்றன. 12ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் மைமோனிடிஸ் கிறிஸ்தவ வழிபாட்டை அந்நிய வழிபாடு என்றே வகைப்படுத்தினார். அடுத்த நூற்றாண்டில் பிறந்த பெர்பிஞான் நகரத்து மெனாகெம் மெயிரி, ஒழுக்கநெறிக்குக் கட்டுப்பட்டு வாழும் சமயத்தாரைப் பழைய விலக்குகளுக்குள் அடைக்கக் கூடாது என்று வேறு விதமாக எழுதினார். 20ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பெரிதும் மதிக்கப்பட்ட மோஷே ஃபைன்ஸ்டைன், ஓவியம் பார்க்கக்கூட தேவாலயத்துக்குள் போகக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார்.

அப்படியிருக்க தலைமை ரபி எப்படிப் போனார்? சட்டத்தை மீறியா? இல்லை; சட்டத்துக்குள்ளேயே ஒரு வாசல் இருந்தது. யூதச் சட்ட விவாதங்களின் பழந்தொகுப்பான தல்மூதில், பாவா காமா என்ற பகுதியில், ஒரு சிறு குறிப்பு வருகிறது. அவ்தோல்முஸ் என்பவர் ரோமர்களைப் போல முடி வெட்டிக்கொள்ள அனுமதி பெற்றார். ரப்பான் கமாலியேல் வீட்டார் கிரேக்கக் கல்வி கற்க அனுமதி பெற்றார்கள். மற்றவர்களுக்கு விலக்கப்பட்டவை இவை. இவர்களுக்கு மட்டும் ஏன்? அரசாங்கத்தோடு நெருங்கிப் பழக வேண்டியவர்கள். சமூகத்துக்காக அரண்மனைப் படி ஏற வேண்டியவர்கள். 16ஆம் நூற்றாண்டில் யோசேப்பு காரோ தொகுத்த சட்டநூலிலும் இந்த இளக்கம் இடம்பெற்றது. ஒரு முடிதிருத்தும் சலுகையிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கதவுவரை அறிஞர்கள் வழி வகுத்திருக்கிறார்கள். அரசர் அழைத்தால் தலைமை ரபி போகலாம் என்பது பிரிட்டிஷ் யூதர்களிடையே வழிவழியாக ஏற்கப்பட்ட நடைமுறை. 1902 ஆகஸ்ட் 9இல் ஏழாம் எட்வர்ட் முடிசூடிய நாளும் சனிக்கிழமைதான். அன்றைய தலைமை ரபி ஹெர்மன் அட்லர் அந்த விழாவில் கலந்துகொண்டார். 2011இல் இளவரசர் வில்லியமின் திருமணத்துக்கு அப்போதைய தலைமை ரபி ஜொனாதன் சாக்ஸ் அதே அபேக்குப் போனார்.

எல்லா இடத்திலும் இந்த வாசல் ஒரே அகலத்தில் திறப்பதில்லை. 2009 ஜனவரி 21இல், ஒபாமா பதவியேற்ற மறுநாள், வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் நடந்த பிரார்த்தனைக் கூட்டத்தில் நியூயார்க்கின் ஆசார ரபி ஹாஸ்கல் லுக்ஸ்டைன் பங்கேற்றார். அவர் சார்ந்த அமெரிக்க ரபிகள் அமைப்பே, அது விதிக்குப் புறம்பானது என்று வெளிப்படையாகச் சொன்னது. அவருக்கு அது நாட்டுக் கடமை. அமைப்புக்கு அது எல்லை தாண்டல். இரு தரப்பும் ஒரே நூல்களைத்தான் புரட்டின. ஒரு படியேறுவதற்கு முன் இத்தனை யோசிக்கிறார்களே என்று சலித்துக்கொள்ளத் தோன்றலாம். எனக்கு அது மரியாதையாகவே தெரிகிறது. அடுத்தவர் வழிபடும் இடத்தைப் பொழுதுபோக்கு மண்டபமாக நினைப்பவருக்கு இந்த யோசனையே வராது.

மூன்றாம் முடிச்சு, உள்ளே போனபின் என்ன செய்வது என்பது. இதில் முடிசூட்டு விழாவை வகுத்தவர்களின் கைநேர்த்தியைச் சொல்லித் தீராது. அரசருக்கு அணிவிக்கும் பொருள்களில் சிலவற்றை வேறு சமயத்தாரிடம் ஒப்படைத்தார்கள். கடகங்களை முஸ்லிமான கமல் பிரபு கொண்டுவந்தார். அரச மேலங்கியை யூதரான கில்லியன் மெரன் சீமாட்டி. மோதிரத்தை இந்துவான நரேந்திர பட்டேல் பிரபு. கையுறையைச் சீக்கியரான இந்தர்ஜித் சிங் பிரபு. சிலுவை தாங்கிய கோளமும் சிலுவைச் செங்கோலும் கிறிஸ்தவப் பேராயர்கள் கையிலேயே இருந்தன. பிற சமயத்தாருக்கு வந்து சேர்ந்தவை கிறிஸ்தவ அடையாளம் வெளிப்படையாகத் தாங்காதவை என்று கருதப்பட்ட பொருள்கள். யாருடைய கையிலும் அவர் மனம் கூசும் பொருளை வைக்கவில்லை. யாரையும் வெறுங்கையோடும் விடவில்லை.

அன்றைய பிரதமரும் இந்துவுமான ரிஷி சுனக் விவிலியத்தின் கொலோசெயர் நிருபத்திலிருந்து ஒரு பகுதி வாசித்தார். பிரதமர் என்ற முறையில் அது அவர் கடமை. ஓர் இந்துவுக்கு வேறொரு சமயத்தின் நூலை வாய்விட்டு வாசிப்பதில் மனத்தடையும் இல்லை. ஆசார ரபியிடம் அதைக் கேட்க முடியாது. யாரும் கேட்கவும் இல்லை. அவருடைய வாழ்த்துரையை வழிபாடு முடிந்த பிறகு வைத்தார்கள். அது ஜெபமும் அல்ல, ஆசீர்வாதமும் அல்ல. வெவ்வேறு நம்பிக்கையில் வாழும் அண்டை வீட்டார் என்ற முறையில், மக்கள் சேவையின் மேன்மையைச் சொல்லி அரசரை வாழ்த்தும் உரை. ஒருவருக்கு முடிந்ததைக் கேட்டு, முடியாததைக் கேட்காமல் விடும் இந்த அளவறிதல் பெரிய கலை.

சாதாரணக் குடும்பங்களிலும் இதே கலை சிறிய அளவில் நடக்கிறது. கிறிஸ்தவ நண்பரின் மகள் கல்யாணத்துக்குப் போகும் யூதர்கள் பல விதம். சிலர் தேவாலயச் சடங்குக்குப் போகாமல் விருந்துக்கு மட்டும் போவார்கள். நண்பரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. தாராளப் போக்குள்ள யூதர்கள் பலர் தயக்கமின்றி உள்ளே போய் அமர்வார்கள். சபை எழுந்து நிற்கும்போது அவர்களும் எழுவார்கள், அது மரியாதை. சபை மண்டியிடும்போது அமர்ந்தே இருப்பார்கள், அது வழிபாடு. விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது வாய் திறக்கமாட்டார்கள். நற்கருணைக்கு மற்றவர்கள் வரிசையில் போகும்போது இடத்தைவிட்டு அசையமாட்டார்கள். கிறிஸ்தவ ஆண் தேவாலயத்தில் தொப்பியைக் கழற்றுவார். யூத ஆண் கடவுள்முன் தலையை மூடுவார். அதனால் கிப்பா என்ற சிறு குல்லாவோடு ஒரு விருந்தாளி அமர்ந்திருந்தால், விவரம் தெரிந்த கிறிஸ்தவர் அதை அவமதிப்பாக நினைக்கமாட்டார். மரியாதைக்கும் வழிபாட்டுக்கும் நடுவே உள்ள கோடு மெல்லியது. அந்தக் கோட்டின்மேல் சத்தமில்லாமல் நடக்கத் தெரிந்தவரே நல்ல விருந்தாளி.

இனி, அபேயில் உட்கார்ந்திருந்த தலைமை ரபியின் காதில் விழுந்ததைக் கவனியுங்கள். முடிசூட்டு விழாவின் மையம் அபிஷேகம். அரசரைச் சுற்றித் திரைகள் மறைக்க, பேராயர் எண்ணெய் பூசுகிறார். அப்போது பாடப்பட்டது, ஆசாரியன் சாதோக்கைப் பற்றி ஹான்டல் 1727இல் இரண்டாம் ஜார்ஜ் முடிசூடியபோது இசையமைத்த பாடல். அதன் பொருள் எங்கிருந்து வந்தது? எபிரேய வேதத்தில், இராஜாக்களின் முதல் புத்தகத்தில், சாதோக்கு என்ற ஆசாரியனும் நாத்தான் என்ற தீர்க்கதரிசியும் சாலொமோனை அரசனாக அபிஷேகம் செய்யும் காட்சி. கிறிஸ்தவ அரசச் சடங்கின் கருவறையில் இருந்தது யூதர்களின் எருசலேம். ரபி அந்தச் சடங்கில் சேர முடியாது. ஆனால் அங்கே சொல்லப்பட்ட கதை அவர் சிறுவயது முதல் படித்த கதை.

எண்ணெயும் எருசலேமிலிருந்து வந்ததே. ஒலிவ மலையின் இரண்டு மடங்களில் விளைந்த ஒலிவக் காய்களைப் பிழிந்து எடுத்து, 2023 மார்ச் 3இல் எருசலேமின் திருக்கல்லறைத் தேவாலயத்தில் அர்ச்சித்தார்கள். அந்த மடங்களில் ஒன்று மகதலேனா மரியாள் மடம். அங்கே அடக்கம் செய்யப்பட்டிருப்பவர் அரசர் சார்லஸின் தந்தைவழிப் பாட்டி, இளவரசி ஆலிஸ். இரண்டாம் உலகப்போரில் ஏதென்ஸ் நகரம் ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது, கோஹன் என்ற யூதக் குடும்பத்தைத் தம் வீட்டில் மறைத்துவைத்துக் காப்பாற்றியவர். அதற்காக யூத இனப்படுகொலையின் நினைவைக் காக்கும் யாத் வாஷெம் நிறுவனம் 1993இல் அவரை உலகத்தாரில் நீதிமான் என்று சிறப்பித்தது. யூதர்களைக் காத்த பாட்டி துயிலும் இடத்தில் விளைந்த எண்ணெய், பேரனின் தலையில் பூசப்படுகிறது. திரைக்கு வெளியே அமர்ந்திருப்பவர்களில் ஒருவர் தலைமை ரபி. இப்படி ஒரு பொருத்தத்தைக் கதையில் எழுதினால் செயற்கை என்று சொல்லிவிடுவோம்.

இந்தப் பொருத்தத்தின் எடையை உணர, 1189 செப்டம்பர் 3ஐ நினைக்க வேண்டும். அன்று அதே வெஸ்ட்மின்ஸ்டரில் முதலாம் ரிச்சர்ட் முடிசூடினார். யூதர்கள் வரக் கூடாது என்பது ஆணை. ஆனாலும் யூதப் பிரமுகர்கள் சிலர் புதிய அரசருக்குக் காணிக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். அவர்களை அடித்து விரட்டினார்கள். யூதர்களைக் கொல்ல அரசரே சொல்லிவிட்டார் என்று வதந்தி பரவ, லண்டனில் யூதர் வீடுகள் எரிந்தன, பலர் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில் யார்க் நகரக் கோட்டையில் அடைக்கலம் புகுந்த யூதர்கள் மாண்டார்கள். 1222இல் ஆக்ஸ்ஃபோர்டில் கூடிய திருச்சபை மன்றம், யூதர்கள் அடையாளப் பட்டை அணிய வேண்டும், புதிய ஜெப ஆலயம் கட்டக் கூடாது என்று விதித்தது. 1290இல் முதலாம் எட்வர்ட் அவர்களை நாட்டைவிட்டே துரத்தினார். 1656க்குப் பிறகுதான் அவர்கள் வெளிப்படையாகத் திரும்பி வாழத் தொடங்கினார்கள். துரத்திய எட்வர்டின் கல்லறை இன்றும் அபேக்குள் இருக்கிறது.

1189இல் காணிக்கையோடு வாசலில் அடிபட்டவர்களின் வழிவந்த சமயத்துக்கு, 834 ஆண்டுகள் கழித்து அதே விழாவில் அரண்மனைப் படுக்கையும் கோஷர் உணவும் கிடைத்தன. அந்த மாற்றம் தானாக வந்ததும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு மன்றத்தின் 800ஆம் ஆண்டில், 2022 மே 8இல், அந்நகரின் கிறைஸ்ட் சர்ச் பேராலயத்தில் ஒரு வழிபாடு நடத்தி, அந்தச் சட்டங்களுக்காக மன்னிப்புக் கேட்டார்கள். தலைமை ரபியின் பிரதிநிதிகள் அங்கே வந்திருந்தார்கள். மன்னிப்புக் கேட்பதற்கு ஓர் அவை வேண்டும். அந்த அவைக்குப் புண்பட்டவரும் வந்து அமர வேண்டும். தேவாலயத்துக்குள் ஒரு யூதர் அமர்ந்திருப்பதற்கு இதைவிடக் கனமான காரணம் இருக்க முடியாது.

இந்த மரியாதை ஒருவழிப் பாதையாகவும் இருக்கவில்லை. 2013 செப்டம்பரில் மிர்விஸ் தலைமை ரபியாகப் பொறுப்பேற்ற சடங்கு செயின்ட் ஜான்ஸ் வுட் ஜெப ஆலயத்தில் நடந்தது. அன்று இளவரசராக இருந்த சார்லஸ், தலையில் கிப்பா அணிந்து அங்கே வந்து அமர்ந்தார். தலைமை ரபியின் பொறுப்பேற்புக்கு அரச குடும்பத்தார் ஒருவர் வந்தது அதுவே முதல் முறை. பத்தாண்டு கழித்து ரபி அவர் முடிசூட்டுக்குப் போனார். இடையில் 2022 செப்டம்பர் 16, வெள்ளிக்கிழமை. தாயை இழந்து எட்டு நாளே ஆகியிருந்த புதிய அரசர், பக்கிங்ஹாம் அரண்மனையில் சமயத் தலைவர்களைச் சந்தித்தார். சூரியன் சாய்வதற்குள் ரபி வீடு போய்ச் சேர வேண்டுமே என்று சந்திப்பின் நேரத்தை முன்னுக்குத் தள்ளினார்கள். துக்க வீட்டிலும் விருந்தாளியின் சூரியாஸ்தமனம் நினைவில் இருந்திருக்கிறது. பிரிட்டன் ஜெப ஆலயங்களிலோ ஒவ்வொரு சபாத்தும் அரச குடும்பத்துக்காகப் பிரார்த்தனை செய்கிறார்கள். நாடு கடத்தப்பட்டுப் போன ஊரின் நலனையும் தேடுங்கள் என்று எரேமியா தீர்க்கதரிசி எழுதியனுப்பிய பழைய அறிவுரையில் வேர் பிடித்த வழக்கம் அது.

தல்மூதின் பெரியோர் சமாதானத்தின் வழிகள் என்று ஒரு கொள்கை வகுத்தார்கள். வேற்றுச் சமயத்து ஏழைக்கும் சோறிடு; அவர்கள் நோயாளியையும் போய்ப் பார்; அவர்கள் இறந்தோரையும் அடக்கம் செய். இந்தக் கொள்கையில் நம்பிக்கைகளைக் கரைத்துவிடும்படி ஒரு சொல்லும் இல்லை. மிர்விஸ் அபேயில் ஒரு விதியையும் தளர்த்தாத யூதராகவே இருந்தார். சார்லஸ் தம் சடங்கின் ஒரு வரியையும் மறைக்காத கிறிஸ்தவராகவே முடிசூடினார். இருவரும் விட்டுக்கொடுத்தது வசதியை மட்டுமே: ஒருவர் ஓர் இரவு வீட்டைவிட்டுத் தங்கினார், மற்றவர் ஓர் ஒலிவாங்கியை எடுத்துவிட்டார். எல்லாச் சமயமும் ஒன்றே என்று மேடையில் முழங்குவது எளிது. எதிரில் இருப்பவருடைய சமயம் எந்த இடத்தில் வேறுபடுகிறது என்று துல்லியமாகத் தெரிந்துகொண்டு, அந்த இடத்தில் அவர் கால் இடறாதபடி பார்த்துக்கொள்வது கடினம். அன்பு என்று நான் நம்புவது இந்தக் கடினமான வேலையைத்தான்.

உங்கள் வீட்டு விசேஷத்துக்கு வேறு சமயத்து நண்பரை அழைக்கும்போது, வாருங்கள் என்று சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த நாள் அவருக்கு ஆகாது, எதைத் தொடமாட்டார், எதை உண்ணமாட்டார், எந்தச் சடங்கில் அவர் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் விருந்தாளியாகப் போகும்போது உங்கள் எல்லையைத் தயங்காமல் சொல்லுங்கள். அரண்மனையில் முடிந்தது நம் வீட்டிலும் முடியும்.